ஓர் அலகு மின்சாரத்தின் விலை

ஹற்றனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில் அந்தி சாயும் வேளையில் பயணம் செய்வோர் இரு வகை வெளிச்சங்களைக் காண்பர். மேட்டின்மீது தேயிலைத் தொழிற்சாலையின் மாடிச் சாளரங்கள் வரிசையாக ஒளிவிடும். அதற்குச் சற்றுத் தாழ்வில், லயங்களில், காம்பராவுக்கு ஒன்றாகச் சிறு விளக்குகள் தெரியும். இரண்டுக்கும் மின்சாரம் ஒன்றே. அது வரும் கம்பியும் ஒன்றே. ஆயினும் இரண்டின் விலையும் ஒன்றன்று.

தொழிற்சாலைக்கு ஒரு விலையும் வீட்டுக்கு வேறொரு விலையும் விதிப்பது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உலக நாடுகள் பலவும் இவ்வாறே செய்கின்றன. ஆனால் எவரிடம் கூடுதலாக வாங்குவது, எவருக்குக் குறைத்துக் கொடுப்பது என்பதில் நாட்டுக்கு நாடு கொள்கை மாறுபடுகிறது. அம்மாறுபாட்டை ஆராய்வதற்கு மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஏனெனில், மின்சாரத்தை ஆக்கும் நீரும், அதை உண்ணும் தொழிற்சாலையும், அதற்குப் பணம் செலுத்தும் தொழிலாளியின் வீடும் இங்கே ஒரே பள்ளத்தாக்கில் அமைந்திருக்கின்றன.

முதலில் அலகு என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஆயிரம் வாற்று வலு ஒரு மணி நேரம் செலவானால் அஃது ஓர் அலகு. பத்து வாற்று விளக்கு ஒன்று நூறு மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு முடியும். மாதம் 30 அலகு உபயோகிக்கும் வீடு நாளொன்றுக்கு ஓர் அலகுடன் வாழ்கிறது. மூன்று நான்கு விளக்குகள், ஒரு வானொலி அல்லது தொலைக்காட்சி, எப்போதாவது ஒரு முறை துணி அழுத்தும் பெட்டி என்பவற்றுக்கு மேல் அதில் இடமில்லை.

இனி, விலை எவ்வாறு உருவாகிறது என்று பார்க்கலாம். மின்சாரத்தின் செலவு மூன்று பகுதிகளைக் கொண்டது. உற்பத்திக்கான செலவு ஒன்று. அதைக் கொண்டுசெல்லும் கம்பி, தூண், மின்மாற்றி ஆகியவற்றுக்கான செலவு மற்றொன்று. எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்பதனால் ஏற்படும் செலவு மூன்றாவது. பெருந்தொழிற்சாலை 11,000 வோல்ற்று போன்ற உயர்ந்த அழுத்தத்திலேயே மின்சாரத்தைப் பெறக்கூடும். வீட்டுக்கோ அதை 230 வோல்ற்றுக்கு இறக்கி, வாசல்தோறும் கம்பி இழுத்து, மின்மானி பொருத்தி, மாதந்தோறும் ஆள் அனுப்பிக் கணக்கெடுக்கவேண்டும். வழியில் விரயமாகும் மின்சாரமும் மிகுதி. அன்றியும், வீடுகள் யாவும் மாலையில் ஒரே நேரத்தில் விளக்கேற்றுகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காகவே கூடுதலான மின்னிலையங்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே, செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால், வீட்டு மின்சாரம் தொழிற்சாலை மின்சாரத்தைவிட விலை கூடியதாகவே இருக்கவேண்டும்.

இக்கணக்கைப் பெரும்பாலும் அவ்வாறே பின்பற்றும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே 2023ஆம் ஆண்டில் வீடுகள் சராசரியாக அலகுக்கு 16 சதமும், தொழிற்சாலைகள் ஏறக்குறைய 8 சதமும் செலுத்தின. வீட்டுக்காரர் கொடுத்த விலை தொழிற்சாலையின் விலையைப் போல் இருமடங்கு. ஜேர்மனியில் செலவுடன் வரியும் சேர்ந்து வேற்றுமையைப் பெருக்குகிறது. 2023இன் முற்பகுதியில் அங்கே ஒரு குடும்பம் அலகுக்குச் சராசரி 41 யூரோ சதம் கொடுத்தது. மின்சாரத்தைப் பெருமளவில் உண்ணும் தொழில்கள் வெளிநாட்டுப் போட்டியில் நலிந்துவிடாதிருக்கும் பொருட்டு அவற்றுக்குப் பல வரிச் சலுகைகள் உண்டு. 2024 தொடக்கத்தில் உற்பத்தித் தொழில்களுக்கான மின்சார வரி 0.05 சதமாகக் குறைக்கப்பட்டது. குடும்பங்களுக்கு அக்குறைப்பு வழங்கப்படவில்லை. ஜேர்மன் குடும்பத் தலைவி தன் பட்டியல் மூலம் தொழிலுக்குத் துணைபுரிகிறார் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தியாவில் துலாக்கோல் மறுபுறம் சாய்கிறது. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 அலகு ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசம். 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோதும் அச்சலுகை நீடித்தது. அடுத்த 100 அலகுக்குக் குடும்பம் அப்போது செலுத்தவேண்டியிருந்தது அலகுக்கு இரண்டேகால் ரூபாயே. ஆகவே இரு மாதத்தில் 200 அலகு உபயோகித்த வீடு 225 ரூபாய் கொடுத்தது. சராசரி பார்த்தால் அலகுக்கு ஒரு ரூபாய் பன்னிரண்டரைக் காசு. அதே காலத்தில் உயர் அழுத்த மின்சாரம் பெற்ற தொழிற்சாலைக்கு அலகு விலை 6 ரூபாய் 75 காசு. கேட்புத் திறனுக்கான கட்டணம் வேறு. அதாவது தொழிற்சாலை கொடுத்த விலை சிறு குடும்பத்தின் விலையைப் போல் ஆறு மடங்கு. இந்த இடைவெளியை அரசின் மானியமும் தொழிற்சாலைகளின் கட்டணமும் நிரப்புகின்றன. சீனாவிலும் வீட்டுக் கட்டணம் தொழிற்சாலைக் கட்டணத்துக்குத் தாழ்வாகவே வைக்கப்பட்டு வந்துள்ளது.

எனவே உலகில் இரு வழிகள் தெரிகின்றன. செலவுக்கேற்ப விலை விதித்துத் தொழிலைப் பேணுவது ஒன்று. வருவாய்க்கேற்ப விலை விதித்து வீட்டைப் பேணுவது மற்றொன்று. இலங்கை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது?

2022 ஆகஸ்டுக்கு முன்னிருந்த இலங்கைக் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், விடை விந்தையாக இருக்கும். மாதம் 30 அலகுக்கு மேற்படாத வீட்டுக்கு அலகு 2 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 30 ரூபா. மாதம் 180 அலகைத் தாண்டிய வீட்டுக்கோ, தாண்டிய ஒவ்வோர் அலகும் 45 ரூபா. அடிப்படி இரண்டரை ரூபா, மேற்படி நாற்பத்தைந்து ரூபா. ஒன்றுக்கு மற்றொன்று பதினெட்டு மடங்கு. நடுத்தரத் தொழிற்சாலை பகலில் அலகுக்கு 11 ரூபா கொடுத்தது. ஆகவே லயத்துக் குடும்பம் தொழிற்சாலையைவிட மலிவாகவும், கொழும்பில் குளிர்காற்றுப் பொறி வைத்திருந்த மாளிகை தொழிற்சாலையைவிட மிகக் கூடுதலாகவும் செலுத்தின. தமிழ்நாட்டின் வழியும் அமெரிக்காவின் வழியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்தன. நாடுகளுக்கிடையே ஒப்பிடுவோர் “வீட்டு மின்சாரத்தின் சராசரி விலை” என்று ஒரே எண்ணை எழுதும்போது, அந்த எண்ணுக்குள் மாளிகையும் காம்பராவும் ஒன்றாய் மறைந்துபோகின்றன.

இப்படிக்கட்டு முறை எங்கிருந்து வந்தது என்பதை அறிய மலைநாட்டின் நீரை நோக்கவேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள் 1918ஆம் ஆண்டில், மஸ்கெலி ஓயா, கெசல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று கணக்கிட்டுக் கட்டுரை வாசித்தார். அவர் கண்ட கனவு உடனே பலிக்கவில்லை. பழைய லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேயாகும். பின்னர் 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் உருவாயின. மவுஸ்ஸாக்கலையின் நீர் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுவதுண்டு. நாட்டுக்கு விளக்கேற்றுவதற்காக ஓர் ஊர் நீருக்குள் இறங்கிற்று. ஆயினும் அந்நீரைச் சூழ்ந்த லயங்கள் பலவற்றில் பன்னெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. உயர் அழுத்தக் கம்பிகள் கூரைக்கு மேலாகச் சென்றன. கூரைக்குள் இறங்கவில்லை.

நீரால் ஆன மின்சாரத்துக்கு எரிபொருள் செலவில்லை. அணையும் குழாயும் சுழலியும் அமைத்த கடன் தீர்ந்தபின், அலகின் செலவு மிகச் சிறிதே. சிறு வீட்டுக்கு மலிவு விலை கொடுப்பது அக்காலத்தில் எவருக்கும் பெருஞ்சுமையாகத் தோன்றவில்லை. ஆனால் நாட்டின் தேவை வளர்ந்தது. நீர் போதாமற்போயிற்று. தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டமும் அவ்வளர்ச்சியை எட்டவில்லை. எண்ணெயும், நுரைச்சோலையில் 2011 முதல் எரியும் நிலக்கரியும் நீருக்குத் துணையாயின. அவை இரண்டும் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கப்படுவன. அன்றிலிருந்து மஸ்கெலியாவில் எரியும் விளக்கின் விலையை மஸ்கெலி ஓயா மட்டும் தீர்மானிக்கவில்லை. நிலக்கரிக் கப்பலும் நாணய மாற்று வீதமும் தீர்மானிக்கலாயின.

2022ஆம் ஆண்டில் அது வெளிப்படையாயிற்று. டொலருக்கு 200 ரூபா என்றிருந்த நாணய வீதம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்குமிடையே 360ஐ நெருங்கியது. எரிபொருள் வாங்கப் பணமின்றி, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. 2013க்குப் பின் உயர்த்தப்படாதிருந்த கட்டணங்கள் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தன.

சராசரி என்னும் சொல் இங்கேயும் உண்மையை மறைக்கிறது. 30 அலகு உபயோகித்த வீட்டின் மாதப் பட்டியல் முன்னர் 105 ரூபா. 2022 ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா என்றாகவே, அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. பட்டியல் 1,300 ரூபா. ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அதே காலத்தில் 200 அலகு உபயோகித்த பெரிய வீட்டின் பட்டியல் 4,963 ரூபாவிலிருந்து 11,780 ரூபாவாக உயர்ந்தது. அவ்வுயர்வு ஏறக்குறைய இரண்டரை மடங்கே. பெரிய வீடு முன்னரே செலவுக்கு மேலாகக் கொடுத்து வந்தது. சிறிய வீடு செலவுக்கு மிகக் கீழாகக் கொடுத்து வந்தது. விலையைச் செலவுக்கு அருகே கொணர்ந்தபோது, அடிப்படியில் நின்றவரே மிக உயரமாகத் தூக்கப்பட்டனர். கணக்கியல் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. அடுப்படியில் நின்று பார்த்தால் தோற்றம் வேறாகும். முற்காலம்போல் குப்பி விளக்குக்குத் திரும்பவும் வழியில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியிருந்தது.

நாடுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எல்லா விலைகளையும் டொலராக மாற்றிப் பார்க்கின்றனர். அப்படிப் பார்த்தால் இலங்கையில் மின்சாரம் ஜேர்மனியைவிட மலிவு என்றே தோன்றும். ஆனால் தொழிலாளி விளக்குக்குக் கொடுப்பது டொலரன்று, உழைத்த நேரம். எனவே நேரத்தைக் கொண்டே அளந்து பார்த்தல் தகும்.

ஜேர்மனியில் 2023இல் சட்டப்படி குறைந்த கூலி மணிக்கு 12 யூரோ. சராசரி விலையில் 30 அலகு மின்சாரம் வாங்க அங்குள்ளவர் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாக உழைத்தால் போதும். அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்த கூலி மணிக்கு 7 டொலர் 25 சதம். 30 அலகுக்கு நாற்பது நிமிட உழைப்புப் போதும். தமிழ்நாட்டில் அந்த 30 அலகு இலவச எல்லைக்குள் அடங்கும், உழைப்பே தேவையில்லை. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 மார்ச் முதல் 1,000 ரூபா. எட்டு மணி நேர வேலை என்று கொண்டால், பழைய கட்டணத்தில் 30 அலகுக்கு ஐம்பது நிமிடம் கொழுந்தெடுத்தால் போதுமாயிருந்தது. ஜேர்மானியத் தொழிலாளியின் நிலையைவிட அது தாழ்ந்ததன்று. 2023 பெப்ரவரியிலோ ஒரு நாள் முழுதும் உழைத்து, மறுநாளும் இரண்டரை மணி நேரம் உழைக்கவேண்டியதாயிற்று.

ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. அமெரிக்க வீடு மாதத்துக்கு 900 அலகளவு உபயோகிக்கிறது. ஆகவே அங்குள்ளவரின் பட்டியலும் இலேசானதன்று. ஆனால் அவர் வேண்டுமாயின் ஐம்பது அலகைக் குறைத்துக்கொள்ளலாம். முப்பது அலகுடன் வாழ்பவர் எதைக் குறைப்பது? படிக்கும் பிள்ளையின் விளக்கையே குறைக்கவேண்டும்.

அந்நிலை நீடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2023 ஜூலையில் கட்டணத்தைக் குறைத்தது. அக்டோபரில் மீண்டும் உயர்த்தி, 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் குறைத்தது. ஜூலைக் குறைப்பின்படி அலகு 6 ரூபா, நிலையான கட்டணம் 100 ரூபா; 30 அலகின் பட்டியல் 280 ரூபா. அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்கூலியும் 1,350 ரூபாவாக உயர்ந்தது. உழைப்பு நேரம் ஒரு மணி நாற்பது நிமிடமாக இறங்கிற்று. 2025 ஜனவரியில் கட்டணங்கள் சராசரி 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் கூடின. மழையும் எரிபொருளும் மாறுந்தோறும் விலையும் மாறும் காலம் தொடங்கிவிட்டது.

தொழிற்சாலையின் கதை இதற்கு முற்றிலும் வேறானதன்று. மலையிலிருந்து இறங்கும் பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ சேர்ந்தே ஒரு கிலோ தேயிலையாகிறது. உலர்த்தும் அடுப்புக்கு விறகு உண்டு. கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றூட்டும் விசிறிகள், உருட்டும் இயந்திரங்கள், சலித்துத் தரம் பிரிக்கும் கருவிகள் ஆகிய யாவும் மின்சாரத்தை நம்பியே சுழல்கின்றன. வாட்டுதல் இரவு முழுவதும் நடைபெறும் வேலை. இங்கே கட்டண முறை தொழிற்சாலைக்கு ஒரு வாய்ப்பளிக்கிறது. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை உச்ச நேரம். பத்தரைக்குப் பின் விடியற்காலை ஐந்தரை வரை மலிவு நேரம். பழைய கட்டணத்தில் உச்ச நேர அலகு 20 ரூபா 50 சதமாகவும், பின்னிரவு அலகு 6 ரூபா 85 சதமாகவும் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு விலை! விசிறிகளின் வேலையில் இயன்ற மட்டும் பின்னிரவுக்குத் தள்ளிவைக்கும் தொழிற்சாலை தன் பட்டியலைக் குறைத்துக்கொள்ளும். லயத்து விளக்குக்கு அவ்வசதியில்லை. பிள்ளை பாடம் படிப்பதும் சோறாக்குவதும் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையேதான்.

தேயிலையின் விலையைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை. 1883 முதல் நடைபெறும் கொழும்பு ஏலத்தில் வாங்குவோர் தீர்மானிக்கின்றனர். அவர்கள் மொம்பாசா ஏலத்தின் விலையையும் பார்த்தே கேட்கின்றனர். மின்சாரம் ஏறிவிட்டது என்பதற்காக லண்டனிலோ பாக்தாத்திலோ தேநீர் அருந்துபவர் கூடுதலாகக் கொடுக்கமாட்டார். கென்யாவின் சிறுதோட்டக்காரர் நிறுவனம் தன் தொழிற்சாலைகளுக்காக மலையோடைகளில் சிறு நீர்மின்னிலையங்களை அமைத்துக்கொண்டது இதனாலேயாகும். வீடுகளுக்கு அந்நாடு 2023 முதல் 30 அலகையே சலுகை எல்லையாகக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மலைநாட்டுக்கு இது புதிய பாடமன்று. நூற்றாண்டுக்கு முன் இங்கும் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தத்தம் ஓடையில் சுழலி வைத்து இயந்திரம் ஓட்டின. நாட்டின் பொதுக்கம்பி மலிவு விலையில் வந்து சேர்ந்தபின் அவை துருப்பிடித்தன. 1996இல் டிக்கோயாவில் தனியார் சிறு நீர்மின்னிலையம் ஒன்று பொதுக்கம்பிக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, பழைய அறிவு புதிய உருவில் திரும்பி வந்தது.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. படிக்கட்டுக் கட்டணம் ஏழைக்கு உதவுவது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மின்மானி இருந்தால் மட்டுமே. பழைய கட்டணத்தில் மாதம் 45 அலகு உபயோகித்த ஒரு குடும்பம் 207 ரூபா 75 சதம் செலுத்தியது. அத்தகைய மூன்று குடும்பங்களின் மொத்தம் 623 ரூபா 25 சதம். அம்மூன்றும் ஒரே மின்மானியிலிருந்து கம்பி இழுத்திருந்தால், மின்மானி 135 அலகு காட்டும். கட்டணப் பட்டியல் அதை வசதியான ஒரு வீடாகக் கருதி, 2,563 ரூபா 50 சதம் கேட்கும். உபயோகித்த மின்சாரம் அதேயளவு. செலுத்தவேண்டிய பணம் நான்கு மடங்கு. ஏழைக்கென்று வகுத்த சலுகை, ஏழைகள் ஒன்றுசேர்ந்து விளக்கேற்றிய குற்றத்துக்குத் தண்டனையாக மாறிவிடுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய லயங்களில் அயல் வீட்டுக்குக் கம்பி கொடுப்பது உதவியென்றே எண்ணப்படும். அவ்வுதவிக்கு எவ்வளவு விலை என்பதைப் பலர் மாத இறுதியிலேயே அறிகின்றனர்.

ஆகவே, நாடுகளின் மின்சார விலையை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. அந்த விலை சராசரியா, உண்மையில் ஒரு வீடு கொடுப்பதா? அதைச் சம்பாதிக்க எத்தனை மணி நேரம் உழைக்கவேண்டும்? அச்சலுகை உரியவரின் வாசலில் ஒரு மின்மானியாக வந்து நிற்கிறதா? ஜேர்மனி தொழிலைப் பேணுகிறது. தமிழ்நாடு வீட்டைப் பேணுகிறது. இரண்டுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுக்கின்றனர். யார் கொடுப்பது என்பதை ஆற்றுநீர் தீர்மானிப்பதில்லை. கட்டணப் பட்டியலை எழுதுவோர் தீர்மானிக்கின்றனர். காசல்ரீயின் நீர் மேட்டுத் தொழிற்சாலைக்கும் தாழ்வாரத்து லயத்துக்கும் ஒன்றுபோலவே பாய்கிறது. மாதம் 30 அலகு விளக்குக்கு ஒரு நாட்கூலிக்கு மேல் கேட்காத பட்டியலை எழுதுவது மனிதர் கையில் உள்ளது.